காப்பகத்திலிருந்து வாடகை வீட்டுக்குப் போன பெண்கள் ஏன் திரும்பி வந்துவிடுகிறார்கள்?

கேள்வி: வடசென்னை வாசகி

அனைவருக்கும் வணக்கம். நான் வடசென்னையில் உள்ள ஒரு திருச்சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் பொறுப்பில் இருக்கிறேன். எங்கள் ஆலய வளாகத்தில் பூட்டிக் கிடந்த பழைய பள்ளிக் கட்டடத்தைப் பழுதுபார்த்து, தெருவில் தங்க நேர்ந்த பெண்களுக்கான இல்லமாக ஏழு ஆண்டுகளாக நடத்தி வருகிறோம். பன்னிரண்டு கட்டில்கள், ஒரு சமையலறை, இரவில் கூடவே தங்கும் ஒரு வார்டன், வாரம் ஒருமுறை வந்து பார்க்கும் மருத்துவர் என்று சிறிய அளவில்தான் நடக்கிறது. காணிக்கையில் ஒரு பங்கும், விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் சேர்வதில் பாதியும் இல்லத்துக்கு வருகின்றன. பிறந்தநாள், திருமணநாள், நினைவுநாள் என்று சபையார் யாராவது சாப்பாட்டுப் பொறுப்பை ஏற்றுக்கொள்வதால் உணவுக்கு இதுவரை குறை வந்ததில்லை.

குறை வேறிடத்தில் இருக்கிறது. கடந்த பதினெட்டு மாதங்களில் எங்கள் இல்லத்திலிருந்து ஏழு பெண்கள் வேலை தேடிக்கொண்டு, வாடகைக்கு அறை பிடித்து, நாங்கள் ஜெபித்து அனுப்ப, மகிழ்ச்சியோடு வெளியே போனார்கள். அவர்களில் நான்கு பேர் ஆறு மாதம் முடிவதற்குள் வீட்டை இழந்துவிட்டார்கள். ஒருவர் இல்லத்திலிருந்து வந்தவர் என்பது பக்கத்துப் போர்ஷன்காரர் மூலம் தெரிந்தவுடன், மகனுக்குத் திருமணம், வீடு வேண்டும் என்று காரணம் சொல்லிக் காலி செய்ய வைத்தார்கள். இன்னொருவரின் முகவரியைக் கணவர் எப்படியோ கண்டுபிடித்து, குடித்துவிட்டு வந்து வாசலில் கத்தினார். அடுத்த நாளே வீட்டுக்காரர் சாவியைக் கேட்டுவிட்டார். மூன்றாமவருக்கு டெங்கு காய்ச்சல் வந்து மூன்று வாரம் வேலைக்குப் போக முடியவில்லை. வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொண்டே போய், கடைசியில் அட்வான்ஸும் இல்லை, வீடும் இல்லை என்றானது.

நான்காமவரை நினைத்தால்தான் எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை. வாடகை பாக்கி இல்லை, யாரும் தொந்தரவு செய்யவும் இல்லை. இரவில் அந்த அறையில் தனியாக இருக்க முடியாமல் பூட்டிவிட்டு வெளியேறி, எங்களிடம் திரும்பி வரவும் கூச்சப்பட்டு, சென்ட்ரல் ரயில் நிலையத்தின் எதிரே பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்கள் வாலிபர் சங்கத்துப் பிள்ளை ஒருவன் தற்செயலாகப் பார்த்து அழைத்து வந்தான். அந்தப் பையில் அறையின் சாவி அப்படியே இருந்தது.

சபைக் கமிட்டியில் இப்போது இரண்டு கருத்துகள் இருக்கின்றன. மாடியில் இன்னும் எட்டுக் கட்டில்கள் போடலாம் என்பது ஒன்று. கட்டிலைக் கூட்டுவதைவிட, போனவர்கள் திரும்பி வராதபடி வீட்டை நிலைக்கச் செய்வதற்குப் பணத்தைச் செலவிட வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் அதை எப்படிச் செய்வது என்று கமிட்டியில் கேட்டால் எனக்குத் தெளிவாகப் பதில் சொல்லத் தெரியவில்லை. இந்தத் துறையில் அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் 1: களப்பணியாளர், சென்னை

சகோதரிக்கு வணக்கம். நகர்ப்புற வீடற்றோர் காப்பகங்களில் நீண்ட காலம் வேலை செய்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். ஏழு பேரில் மூன்று பேர் நிலைத்திருக்கிறார்கள் என்பதை முதலில் நீங்கள் தோல்வியாக எண்ண வேண்டாம். போனவர்கள் என்ன ஆனார்கள் என்று கணக்கு வைத்திருக்கும் இல்லங்களே குறைவு.

நம் நாட்டில் இந்த விஷயத்தில் சட்டமும் திட்டமும் பேசியதெல்லாம் பெரும்பாலும் கூரையைப் பற்றியே. உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010இல் பெருநகரங்களில் ஒரு லட்சம் மக்களுக்கு ஒரு காப்பகம், அதுவும் ஆண்டு முழுவதும் 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று சொன்னது. 2013இல் வந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் அதையே திட்டமாக்கி, தலைக்கு 50 சதுர அடி இடம் என்று அளவும் வகுத்தது. சென்னை மாநகராட்சி தொண்டு நிறுவனங்களைக் கொண்டு நடத்தும் காப்பகங்களில் பெண்களுக்கென்று தனியாக இருப்பவையும் இந்த ஏற்பாட்டில் வந்தவைதான். அதனால் உயிர்கள் காப்பாற்றப்பட்டிருக்கின்றன. ஆனால் காப்பகத்துக்கும் வாடகை வீட்டுக்கும் நடுவே இருக்கும் பள்ளத்துக்கு யாரும் பாலம் போடவில்லை. உங்கள் நான்கு பெண்களும் அந்தப் பள்ளத்தில்தான் விழுந்திருக்கிறார்கள்.

அந்தப் பள்ளத்தில் பெரியது அட்வான்ஸ். வடசென்னையில் ஓர் ஒற்றை அறைக்கு மாதம் 5,000 ரூபாய் வாடகை என்றால், பத்து மாத வாடகையான 50,000 ரூபாயை முன்பணமாகக் கேட்பது இந்த ஊர் வழக்கம். மாதம் பதினோராயிரம் சம்பாதிக்கும் ஹவுஸ்கீப்பிங் ஊழியருக்கு அது எத்தனை மாதச் சேமிப்பு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம், உடன்பாடு வேறுவிதமாக இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் பிணைத்தொகை வாங்கக் கூடாது என்கிறது. அந்த ‘உடன்பாடு’ என்ற சொல்லில் பழைய வழக்கம் அப்படியே நுழைந்துகொள்கிறது. என்றாலும் சபையின் பெரியவர் ஒருவர் கூடப் போய், சட்டத்தை மிரட்டலாகச் சொல்லாமல் மரியாதையாக எடுத்துச் சொல்லிப் பேசினால், பத்து மாதம் ஐந்து மாதமாகக் குறைந்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஆகவே எட்டுக் கட்டில்களுக்கு ஆகும் பணத்தை அட்வான்ஸ் நிதியாக ஒதுக்கச் சொல்லி உங்கள் கமிட்டியிடம் கேளுங்கள். அந்தப் பணம் பெண்ணுக்குக் கொடுக்கும் தானமாகவும் இருக்கக் கூடாது, வட்டிக் கடனாகவும் இருக்கக் கூடாது. சபை வீட்டுக்காரரிடம் நேரடியாகச் செலுத்தி, வீடு காலியாகும்போது சபைக்கே திரும்பி வருமாறு ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். வாடகை பாக்கியை அட்வான்ஸில் கழிக்க வேண்டுமானால் முதலில் சபைக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். அப்படி ஒரு வரி இருந்திருந்தால், டெங்கு வந்த அந்தப் பெண்ணின் நிலைமை உங்களுக்கு முதல் மாதமே தெரிந்திருக்கும்; மூன்று வார வாடகையைச் சபை கொடுத்திருந்தால் அவர் வீடு நின்றிருக்கும். ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு, அந்தப் புதிய வாடகைச் சட்டத்தின் கீழ் உள்ள வாடகை அதிகார அமைப்பில் பதிவு செய்வதில் இன்னொரு நன்மையும் உண்டு. காரணம் சொல்லாமல் காலி செய் என்று வாய்மொழியாக விரட்டுவது அதன் பிறகு அவ்வளவு எளிதாக இருக்காது.

அடுத்தது ஆவணங்கள். தெருவில் இருந்தவர்களின் பை தொலையும்போது ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம் எல்லாம் சேர்ந்தே தொலைகின்றன. ஆதார் பதிவுக்கு, அங்கீகரிக்கப்பட்ட காப்பகத்தின் பொறுப்பாளர் உரிய படிவத்தில் தரும் சான்றையும் ஏற்கிறார்கள். இதில் ‘அங்கீகரிக்கப்பட்ட’ என்பது முக்கியம். இதைச் செய்து முடிக்கும்வரை யாரையும் வீடு பார்க்க அனுப்பாதீர்கள். அடையாள அட்டை இல்லாமல் கிடைக்கும் வீடு, கேள்வி கேட்காமல் கொடுப்பவரின் வீடாகத்தான் இருக்கும். அப்படிக் கொடுப்பவர் கேள்வி கேட்காமலே காலி செய்யவும் வைப்பார்.

கணவர் வந்து கத்தியதால் வீட்டை இழந்தவரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவரைப் போன்றவர்களை நாம் ‘வீடற்றவர்’ என்று பதிவேட்டில் எழுதிவிடுகிறோம். உண்மையில் அவருக்கு ஒரு வீடு இருந்தது. அதிலிருந்து அவர் அடித்து விரட்டப்பட்டார். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, சேர்ந்து வாழ்ந்த வீட்டில் குடியிருக்கும் உரிமையைப் பெண்ணுக்குத் தருகிறது. அந்த வீடு மாமனார் பெயரில் இருந்தாலும் அவள் உரிமை கோரலாம் என்று 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருக்கிறது. அங்கே போகவே அஞ்சுகிறவர் என்றால், மாற்று வீடு ஏற்பாடு செய்யவோ அதற்கு வாடகை கொடுக்கவோ கணவருக்கு உத்தரவிடும்படி 19ஆம் பிரிவின் கீழ் நீதிபதியிடம் கேட்கலாம். அவளிடம் நெருங்கக் கூடாது என்ற பாதுகாப்பு உத்தரவையும் அதே மனுவில் பெறலாம். மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் இருக்கும் பாதுகாப்பு அலுவலரிடம் போனால் மனு எழுதவும் உதவுவார்கள். அந்த உத்தரவின் நகல் கையில் இருந்தால், வீட்டுக்காரர் சாவியைக் கேட்பதற்குப் பதிலாகக் காவல் நிலையத்துக்குப் போன் செய்ய வாய்ப்பு உண்டு.

நான்காமவருக்கான வழியும் சென்னையிலேயே இருக்கிறது. மனநலம் பாதிக்கப்பட்டுத் தெருவில் இருந்த பெண்களுக்காக 1993இல் முகப்பேர் பகுதியில் தொடங்கப்பட்ட ‘தி பேன்யன்’ அமைப்பு, 2015 முதல் ‘ஹோம் அகெய்ன்’ என்ற பெயரில் ஒரு முறையைக் கடைப்பிடிக்கிறது. நிறுவனக் கட்டடத்திலேயே ஆண்டுக்கணக்கில் வைத்திருக்காமல், நான்கைந்து பெண்களைச் சாதாரணத் தெருவில் சாதாரண வாடகை வீட்டில் சேர்ந்து குடியமர்த்தி, தேவைப்படும் அளவுக்கு மட்டும் ஒரு பணியாளரைத் துணைக்கு வைக்கிறார்கள். அவர்கள் சேர்ந்து சமைக்கிறார்கள், சண்டை போடுகிறார்கள், சமாதானமாகிறார்கள். உங்கள் இல்லத்துப் பெண்கள் எல்லோருக்கும் மனநோய் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் பன்னிரண்டு பேர் மூச்சுச் சத்தத்தில் தூங்கிப் பழகியவரை ஒரே நாளில் ஓர் ஒற்றை அறையில் தனியாக விட்டால் யாராக இருந்தாலும் தடுமாறுவார். இருவர் அல்லது மூவர் சேர்ந்து இரண்டு அறை உள்ள போர்ஷனாகப் பாருங்கள். வாடகையும் பகிரப்படும், இரவும் பகிரப்படும்.

பதில் 2: ஓய்வுபெற்ற வருவாய்த்துறை ஊழியர்

மேலே எழுதியவர் விரிவாகச் சொல்லிவிட்டார். சில நிர்வாகக் குறிப்புகளை மட்டும் சேர்க்கிறேன்.

பெண்களைத் தங்கவைக்கும் எந்த இல்லமும் 2014ஆம் ஆண்டின் தமிழ்நாடு விடுதிகள் மற்றும் இல்லங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் பெற்றிருக்க வேண்டும். ஆலய வளாகத்தில் இருக்கிறது, அறச்செயல்தானே என்று சில சபைகள் இதைத் தள்ளிப்போடுகின்றன. அது தவறு. நீங்கள் தரும் எந்தச் சான்றிதழுக்கும் மதிப்பு வருவது உரிமத்தால்தான்.

கணவரால் கைவிடப்பட்ட பெண்களுக்கும் ஆதரவற்ற விதவைகளுக்கும் முதியோருக்கும் வருவாய்த்துறை மூலம் ஓய்வூதியம் உண்டு. 2023 ஆகஸ்டில் அது 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. வாடகைக்குப் போதாது என்பது உண்மைதான், ஆனால் மாதம் தவறாமல் வரும் பணம் என்பதால் வீட்டுக்காரரிடம் காட்டக்கூடிய ஒரு வருமானம் அது. கலைஞர் மகளிர் உரிமைத் தொகை குடும்ப அட்டையை அடிப்படையாகக் கொண்டது. உங்கள் பெண்களில் பலருடைய பெயர் இன்னும் கணவர் வீட்டு அட்டையிலோ அண்ணன் வீட்டு அட்டையிலோ ஒட்டிக்கொண்டிருக்கும். அதை நீக்கிப் புது அட்டைக்கு விண்ணப்பித்தால், தனிச் சமையல் இருக்கிறதா என்று நேரில் வந்து பார்ப்பார்கள். ஆகவே வீடு மாறிய முதல் வாரத்திலேயே அடுப்பும் நான்கு பாத்திரமும் இருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள்.

இல்லத்தில் அறுபது வயதைக் கடந்த தாய்மார்கள் இருந்தால், பிள்ளைகளுக்கு வீட்டை எழுதிக் கொடுத்த பிறகு வெளியேற்றப்பட்டவர்களா என்று கேளுங்கள். பராமரிப்போம் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்திருந்தால், 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி அந்த மாற்றத்தைச் செல்லாது என்று அறிவிக்கும்படி கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் கேட்கலாம். வழக்கறிஞர் வைத்துச் செலவழிக்கத் தேவையில்லை. நான் பணியில் இருந்தபோது இப்படிப்பட்ட மனுக்களோடு வந்த தாய்மார்களில் பாதிப் பேர், மகன் மீது புகார் கொடுப்பதா என்று வாசலிலேயே திரும்பிப் போய்விடுவார்கள். கூட ஒருவர் வந்தால் உள்ளே வருவார்கள்.

நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியக் குடியிருப்புகளைப் பற்றி யாராவது சொல்வார்கள். பெரும்பாக்கம், கண்ணகி நகர், செம்மஞ்சேரி ஒதுக்கீடுகள் பெரும்பாலும் ஓரிடத்திலிருந்து அகற்றப்படும் குடும்பங்களைக் கணக்கெடுத்துத் தரப்படுபவை. காப்பகத்தில் தனியாக இருக்கும் பெண் அந்தக் கணக்கெடுப்பில் எளிதில் வருவதில்லை. கிடைத்தாலும், வடசென்னையில் வீட்டுவேலை செய்பவர் தினமும் இருபத்தைந்து கிலோமீட்டருக்கு மேல் பயணிக்க வேண்டியிருக்கும். 2021 முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது உதவிதான், ஆனால் வழியில் போகும் நேரத்தை யார் திருப்பித் தருவார்கள்? விண்ணப்பத்தைக் கொடுத்து வையுங்கள். அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம்.

பதில் 3: ஓர் இல்லத்தில் இருந்தவள்

வணக்கம். நான் கைபேசியில் சொல்லச் சொல்ல என் மகள் தட்டச்சு செய்கிறாள், அவளே திருத்தியும் எழுதுகிறாள். இது போன்ற ஒரு திருச்சபை இல்லத்தில் பதினான்கு மாதங்கள் இருந்தேன். இப்போது ஐந்து ஆண்டுகளாக வாடகை வீட்டில் இருக்கிறேன். அதற்கு முன் வேறொரு காப்பகத்திலும் சில மாதங்கள் இருந்திருக்கிறேன்.

சென்ட்ரலுக்கு எதிரில் உட்கார்ந்திருந்த அந்தச் சகோதரியைப் பற்றிப் படித்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. எனக்கும் அப்படித்தான் இருந்தது. முதல் இரவு அறையில் பாய் விரித்துப் படுத்தேன். பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு, செருப்பைப் பைக்குள் போட்டுக்கொண்டு படுத்தேன். தெருவில் செருப்பைக் கழற்றி வைத்தால் காலையில் இருக்காது. கதவு உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருக்கிறது, யாரும் வர முடியாது என்று மனதுக்குத் தெரிகிறது, உடம்புக்குத் தெரியவில்லை. இரண்டு மாதம் விளக்கை அணைக்காமல்தான் தூங்கினேன். வீட்டுக்காரம்மா கரண்ட் பில்லைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டார். அவரிடம் உண்மையைச் சொல்லப் பயமாக இருந்தது. ஆகவே யாராவது வெளியே போனால் முதல் பத்து நாட்கள் இல்லத்திலிருந்து ஒருவர் வந்து கூடப் படுத்துக்கொள்ள முடியுமா என்று பாருங்கள். பகலில் வந்து நலம் விசாரிப்பது வேறு, இரவில் கூட இருப்பது வேறு.

எனக்கு வீடு நிலைத்ததற்குக் காரணம் அட்வான்ஸ் பணம் மட்டுமில்லை. பால் காய்ச்சும் நாளன்று சபையிலிருந்து பதினெட்டுப் பெண்கள் வந்தார்கள். ஒருவர் குடம் கொண்டு வந்தார், ஒருவர் துடைப்பம், ஒருவர் அரிசியும் பருப்பும், வயதான ஓர் அம்மா ஒரு சுவர்க் காலண்டர் கொண்டு வந்தார். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று வீட்டுக்காரர் முதல் நாளே சொல்லியிருந்தார். அந்த அம்மா காலண்டரைக் கையில் வைத்துக்கொண்டு, இதை எங்கே மாட்டலாம் என்று அவரிடமே கேட்டார். அவர் உள்ளே போய்ச் சுத்தியலும் ஆணியும் எடுத்து வந்து, தாமே அடித்துக் கொடுத்தார். அந்த ஒரு மணி நேரத்துக்கு முன்பு நான் அவருக்கு நாதியற்றவள். அதன் பிறகு நாலு பேர் வந்து போகும் வீட்டுக்காரி. இன்றுவரை அவர் என்னை ஒரு சொல் கூடுதலாகப் பேசியதில்லை.

இதைத்தான் சபையால் செய்ய முடியும், அரசாங்கத்தால் முடியாது என்று நினைக்கிறேன். எங்களுக்கு இல்லாமல் போனது கூரை மட்டுமில்லை, எங்களுக்காக வந்து நிற்கிற ஆட்கள். காய்ச்சல் என்றால் வேலைக்குப் போகும் இடத்தில் சொல்ல ஓர் ஆள், வீட்டுக்காரர் சத்தம் போட்டால் என்னம்மா விஷயம் என்று கேட்க ஓர் ஆள், தீபாவளிக்கோ கிறிஸ்துமஸுக்கோ பொங்கலுக்கோ ஒரு தட்டு எடுத்துக்கொண்டு வர ஓர் ஆள். அண்ணன் தம்பி உள்ள பெண்ணுக்கு இதெல்லாம் கேட்காமலே கிடைக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், தவறாக நினைக்க வேண்டாம். நான் முன்பு இருந்த காப்பகத்தில் காலை ஜெபத்துக்கு வராதவர்களுக்குச் சிற்றுண்டியில் வேறுபாடு காட்டினார்கள். நான் மாரியம்மனைக் கும்பிடுகிறவள். அங்கே உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வேன், ஆனால் உள்ளுக்குள் கூனிப்போவேன். இரண்டாவது இல்லத்தில் ஆயரம்மா முதல் நாளே, நீ உன் சாமியைக் கும்பிட்டுக்கொள், விருப்பம் இருந்தால் எங்களோடு வந்து உட்கார், இல்லாவிட்டால் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்று என்று சொன்னார். நான் பல நாட்கள் தண்ணீர்தான் ஊற்றினேன். இப்போது வருடம் ஒருமுறை, சபையார் எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் அசன விருந்துக்குக் காய் நறுக்கப் போகிறேன். யாரும் கூப்பிட்டுப் போகவில்லை, நானாகப் போகிறேன்.

பதில் 4: லண்டன் வாசகி

இந்தத் திரியைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். நான் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவள், லண்டனில் வசிக்கிறேன். இங்கே எங்கள் பகுதித் தேவாலயம் குளிர்காலத்தில் நடத்தும் இரவுத் தங்குமிடத்தில் தொண்டு செய்கிறேன். ஏழு தேவாலயங்கள் ஆளுக்கு ஒரு கிழமை என்று பிரித்துக்கொண்டு மண்டபத்தைத் திறப்பது இங்குள்ள பழைய முறை. ஒவ்வொரு காலையிலும் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போக வேண்டியிருக்கும். பெண்களுக்கு அது மிகக் கடினமானது. பெண்களுக்கென்று நிரந்தரமாக நடப்பவற்றில் இங்கிலாந்துத் திருச்சபையைச் சார்ந்த ‘சர்ச் ஆர்மி’ லண்டனில் நடத்தும் ‘மேரிலபோன் புராஜெக்ட்’ பெரியது. நூறுக்கு மேற்பட்ட பெண்கள் தங்கலாம். அங்கே ஒரே வகையான அறை இல்லை. தெருவிலிருந்து நேரே வருபவருக்கு ஓர் இடம், சற்றுத் தேறியவருக்குத் தன் அறை, அதற்கடுத்துத் தானே சமைத்துத் தானே நிர்வகிக்கும் சிறு வீடு என்று படிப்படியாகப் போகிறார்கள். கடைசிப் படியில் நின்று பழகியவருக்கு வெளி வீடு பயமாக இருப்பதில்லை. உங்கள் பள்ளிக் கட்டடத்தின் மாடியைக் கட்டில்களுக்குப் பதிலாகத் தனி அடுப்போடு இரண்டு சிறு வீடுகளாக மாற்ற முடியுமா என்று யோசியுங்கள்.

பத்து மாத முற்பணம் என்று வாசித்தபோது திகைத்துப்போனேன். இங்கிலாந்தில் 2019 முதல் பெரும்பாலான வீடுகளுக்கு ஐந்து வார வாடகைக்கு மேல் பிணைப்பணம் வாங்க முடியாது. அந்தச் சிறு தொகையைக்கூடப் புரட்ட முடியாதவர்களுக்காக, சில கவுன்சில்களும் தொண்டு அமைப்புகளும் காசுக்குப் பதிலாக வீட்டுச் சொந்தக்காரருக்கு ஒரு உத்தரவாதக் கடிதம் கொடுக்கின்றன. வீட்டுக்குச் சேதம் வந்தாலோ வாடகை நின்றாலோ குறிப்பிட்ட தொகை வரைக்கும் நாங்கள் தருகிறோம் என்பதே கடிதத்தின் சாரம். உங்கள் வீட்டுக்காரர் ஐந்து மாதத்தைக் காசாகவும் மிச்சத்தை இப்படிப்பட்ட கடிதமாகவும் ஏற்றுக்கொண்டால், ஒருவருக்கு ஆகும் பணத்தில் இருவரைக் குடியமர்த்தலாம்.

இங்கேயும் எல்லாம் சரியாக இருக்கிறது என்று எண்ண வேண்டாம். 2021இல் வந்த சட்டத்தின்படி, குடும்ப வன்முறையால் வீடிழந்தவருக்கு உள்ளூராட்சி முன்னுரிமை கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் கணவரின் விசாவில் வந்த பெண்களுக்குப் பொது நிதியை, அதாவது அரசின் உதவித்தொகை, வீட்டு உதவி போன்றவற்றைத் தொடக் கூடாது என்ற நிபந்தனை இருக்கிறது. எங்கள் மண்டபத்துக்கு வந்த தமிழ்ப் பெண் ஒருவர், மூன்று அலுவலகங்களில் அந்த நிபந்தனையைக் காட்டித் திருப்பி அனுப்பப்பட்ட பிறகு வந்தவர். தூதரக அதிகாரியா நீங்கள், காவல்துறையா என்று பயந்து பயந்து என்னிடம் கதைத்தார். வன்முறைக்கு உள்ளான துணைவர்களுக்கு, அந்த நிபந்தனை இல்லாமல் தங்குவதற்கு மூன்று மாதச் சலுகை அனுமதி இருக்கிறது என்பதே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. அது கிடைக்கும்வரை அவரை வைத்திருந்தது தேவாலயம்தான். அரசின் கதவு மூடியிருக்கும் இடைவெளியில் ஆளை விழ விடாமல் பிடித்துக்கொள்வது இங்கேயும் சபைகளின் வேலையாகத்தான் இருக்கிறது.

வடசென்னை வாசகியின் மறுமொழி

ஒவ்வொருவருக்கும் என் மனமார்ந்த நன்றி. காலண்டரும் ஆணியும் பற்றி எழுதிய சகோதரியின் பதிலை அச்செடுத்து, நேற்றுக் கமிட்டியில் முழுவதுமாக வாசித்தேன். கட்டில்கள்தான் வேண்டும் என்று உறுதியாக இருந்த மூத்த உறுப்பினர் ஒருவர் வாசித்து முடித்த பிறகு வெகுநேரம் பேசவே இல்லை. பின்பு, நாம் அந்த ஏழு பேரில் எத்தனை பேர் வீட்டுக்குப் பால் காய்ச்சப் போனோம் என்று கேட்டார். ஒருவர் வீட்டுக்கும் போகவில்லை. வாசல்வரை ஆட்டோ ஏற்றி அனுப்பியதோடு நம் கடமை முடிந்தது என்று நானும்தான் நினைத்திருந்தேன்.

அறுப்பின் பண்டிகைப் பணத்தில் இல்லத்துக்கு வரும் பங்கை இந்த ஆண்டு அட்வான்ஸ் நிதியாக வைப்பது என்று முடிவாகியிருக்கிறது. உத்தரவாதக் கடிதத்துக்குச் சபையின் பொருளாளர் சம்மதித்திருக்கிறார். ஆனால் தொகைக்கு உச்சவரம்பு வேண்டும் என்கிறார், அது நியாயம்தான். எங்கள் உரிமம் புதுப்பிக்கப்படாமல் இருந்ததையும் உங்கள் பதில்களுக்குப் பிறகுதான் எடுத்துப் பார்த்தோம். அதற்கான விண்ணப்பம் தயாராகிறது.

ஒரு சந்தேகம் மட்டும் மிச்சமிருக்கிறது. இருவரைச் சேர்த்துக் குடியமர்த்தினால் ஒப்பந்தம் யார் பெயரில் இருக்க வேண்டும்? சபையின் பெயரிலேயே எடுத்துவிட்டால் வீடு கிடைப்பது எளிது என்று புரோக்கர் சொல்கிறார்.

களப்பணியாளர், சென்னை

சபையின் பெயரில் எடுக்க வேண்டாம், சகோதரி. அப்படி எடுத்தால் அது உங்கள் இல்லத்தின் இன்னொரு கிளையாகிவிடும். ஆதாரில் முகவரி மாற்றவோ ரேஷன் கார்டு வாங்கவோ அந்தப் பெண்களுக்கு அந்த ஒப்பந்தம் பயன்படாது. உங்கள் கமிட்டி மாறினால் வீடும் மாறும். இருவர் பெயரையும் வாடகைதாரர்களாக எழுதி, சபையின் செயலாளர் சாட்சியாகக் கையெழுத்திடட்டும், அட்வான்ஸ் சபைக்குத் திரும்பும் என்ற வரி தனியே இருக்கட்டும். இருவரில் ஒருவர் விலகினால் மற்றவர் தொடர்ந்து இருக்கலாம் என்பதையும், அந்த இடத்துக்கு இன்னொருவரைச் சேர்க்க ஒரு மாத அவகாசம் உண்டு என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.

வடசென்னை வாசகி

மிக்க நன்றி, அண்ணா. அப்படியே எழுதச் சொல்கிறேன். கொடுங்கையூரில் இரண்டு அறையுள்ள ஒரு போர்ஷன் பார்த்திருக்கிறோம். மாடிப்படி தனியாக இருக்கிறது, கீழே மளிகைக் கடை இருப்பதால் இரவு பத்து மணிவரை வெளிச்சமும் நடமாட்டமும் இருக்கும். சாவியைப் பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரும், டெங்கு வந்தவரும் சேர்ந்து போகச் சம்மதித்திருக்கிறார்கள். முதல் பத்து இரவுகளுக்குப் பெண்கள் ஐக்கிய சங்கத்திலிருந்து ஐந்து பேர் ஆளுக்கு இரண்டு இரவு என்று பெயர் கொடுத்திருக்கிறோம். முதல் இரண்டு இரவுகள் என்னுடையவை.